தேய்ந்துவிடும் என்று பூட்டிவைத்தது

எனக்கு நல்ல காது என்று எனக்கு ஒரு நினைப்பு. யார் சொன்னார்கள் என்று கேட்டால், நான்தான் சொன்னேன். கலெக்டர் கச்சேரியில் நகல் எழுதுகிற குமாஸ்தாவுக்குக் கையெழுத்துத்தானே வேண்டும், காது எதற்கு என்று சில பேர் கேட்டார்கள். அவர்களுக்கு ரசனை கிடையாது என்று முடிவுகட்டி, அவர்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் திமிருக்கு வேறு காரணம் தேவையில்லை.

வினை ஏலத்தில் வந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் நாற்காலி, பீங்கான் கோப்பை என்று புத்தியோடு எடுக்க, நான் ஒரு பேசும் யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டை வீட்டுக்கு வந்தேன். பெட்டியின்மேல் ஒரு தண்டு இருக்கும். அதில் கைக்கு அடக்கமான மெழுகு உருளை ஒன்றை மாட்டி, சாவி கொடுத்தால் சுழலும். மெழுகில் உள்ள கீறலின்மேல் ஒரு சிறு ஊசி ஓட, புனல் வழியாகப் பாட்டு வரும். மொத்தம் இரண்டு நிமிஷம். பாடுகிறவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்கே அது காணாது.

ஆனால் அந்த யந்திரத்துக்கு இன்னொரு வித்தையும் தெரியும். வெற்று உருளையை மாட்டி, ஊசித் தலையை மாற்றிப் போட்டு, புனலுக்குள் பேசினால் நம் பேச்சையே மெழுகில் கீறிக்கொள்ளும். பேசியது பிடிக்கவில்லையா, ஓரத்தில் உள்ள கத்தியை நகர்த்திச் சுழலவிட்டால் போதும். மெழுகை மெல்லிய இழையாகச் சீவி வழவழவென்று ஆக்கிவிடும். மறுபடி முதலிலிருந்து பேசலாம். நகல் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கச்சேரியில் கடைசி வரியில் ஒரு மைத்துளி சிந்தினாலும் முழுத் தாளையும் கிழித்துப்போட்டு, முதல் எழுத்திலிருந்து எழுதுகிற ஆள் நான். தாசில்தாரே இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். ஊரே அவரைச் சார்வாள் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவரிடம் பிளேட்டுப் போடுகிற கிராமபோன் இருந்தது. கல்லு மாதிரி கெட்டியான பிளேட்டு. வெயிலில் இளகாது, விரல் பட்டால் கெடாது, நூறு தடவை போட்டாலும் பெரிதாகத் தேயாது. என் மெழுகோ தொட்டால் கீறும், சித்திரை வெயிலில் வளையும், போடப் போடத் தேயும். ஆனாலும் நாதம் என்று ஒன்று இருக்கிறதே! அதில் என் உருளைக்குப் பக்கத்தில் அவர் பிளேட்டு நிற்காது என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் அவர் சைக்கிளில் வந்து இறங்குவார், சண்டை ஆரம்பமாகும்.

"பாட்டு கேக்கதுக்கு இம்புட்டுப் பாடாவே?" என்பார். "நான் போடுதேன், அது பாடுது, நான் முறுக்கு திங்கேன். சோலி முடிஞ்சிதுல்லா?"

"அதுவா பாடுது? அங்கன ஒருத்தன் வாயில மணலப் போட்டுக் கொப்பளிக்கான் சார்வாள்."

"கொப்பளிச்சா என்னவே? நெனச்ச நேரம் கொப்பளிக்கான். உம்ம ஆளு பாடணும்னா ஊரடங்கு போடணும்லா!"

அவர் சொன்னதில் தப்பில்லை. என் வீட்டில் பாட்டுக் கேட்பது ஒரு சிரார்த்தம் மாதிரி. ஜன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். கடிகாரத்தை நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டிவிட்டு வர வேண்டும். அடுப்படியில் அம்மி, ஆட்டுரல் எதுவும் நகரக்கூடாது. ஆகவே பாட்டு உள்ள நாளில் எங்கள் வீட்டில் துவையல் கிடையாது. இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். மெழுகு இளகிவிடுமே என்று பயந்து உருளையைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். வியர்த்து ஊற்ற, பாட்டும் இல்லாமல் துவையலும் இல்லாமல் சாப்பிட உட்காருவோம்.

பாயின் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. யந்திரத்தோடு வந்த தகரப் புனலில் எல்லாக் குரலும் தகரக் குரலாக வந்தது. கோரைப்புல் நல்லது என்று என் மண்டையில் உதித்தது. என் மனைவிக்குக் கல்யாணத்தின்போது போட்ட பத்தமடைப் பாய், பட்டுப் போல மடங்குகிற பாய், பெட்டியில் இருந்தது. அதைக் கத்திரித்துச் சுருட்டிப் புனலாகத் தைத்துவிட்டேன்.

"பாயி போச்சு," என்றாள். "அடுத்தது எஞ் சேலையா?"

"சேலை ஆகாது. சத்தத்தை முழுங்கிரும்," என்றேன். கேலிக்குச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் குரல் உண்மையிலேயே கொஞ்சம் நன்றாக வந்தது. அதை அவளிடம் சொல்லிக் காட்டினேன். நாலாவது நாளும் பேச்சு இல்லை.

அப்படிப்பட்டவள் அந்த யந்திரத்திடம் தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை; ஒரு தம்பி மட்டும்தான். எட்டு வயதிலிருந்து அவளே வளர்த்தவன், எங்கள் கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். இருபத்திரண்டு வயதாகியும் ஓர் இடத்தில் நிற்கமாட்டான். வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். விக்கல் எடுத்த மாதிரி ஒரு சிரிப்பு. பாதி வேடிக்கைகள் எங்களுக்கு வந்து சேர்ந்ததே இல்லை. ஏரல்காரர் ஒருவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். அவரிடம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு போய், அங்கிருந்து பினாங்கு.

"இங்க பாருங்க," என்றாள் என் மனைவி. "அவங் கொரல இதுல பிடிச்சு வச்சுக் குடுங்க. யக்கான்னு அவன் கூப்பிடுதது எனக்கு இந்த வீட்டுல இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. யந்திரத்தின் அருமை இப்போதாவது தெரிந்ததே! சென்னைக்கு எழுதி மூன்று வெற்று உருளைகள் வரவழைத்தேன். ரயிலில் வந்த வழியில் இரண்டு உடைந்துபோய்விட்டன. மீதி ஒன்று. தம்பி மறுநாள் காலையில் ரயிலேற வேண்டும். அதனால் இருந்த ஒன்றில்தான் பிடித்தாக வேண்டும்.

அன்று காலையிலேயே சாக்கெல்லாம் தொங்கவிட்டு அவனைப் புனல்முன் நிறுத்தினேன். "யக்கா, நாந்தாங்க்கா," என்று ஆரம்பித்தான். பாய்ப் புனலுக்குள் தன் குரலே கம்மென்று திரும்பி வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அவள், "ஏலே, சும்மா பேசுல," என்றாள். அவளுக்கும் சிரிப்பு. அவன் புனலில் நெற்றியை இடித்துக்கொண்டான். அக்காள் வைக்கிற ரசத்தைக் கேலி பண்ணி, அந்த நிமிஷத்தில் தானே கட்டிய இரண்டு வரியைக் கும்மி மெட்டில் பாடினான். முற்றத்தில் ஒரு காக்கை கத்தியது. மெழுகு தீர்ந்தது.

திரும்பப் போட்டேன். எல்லாம் இருந்தன. யக்கா இருந்தது, ரசம் இருந்தது, அவன் விக்கல் சிரிப்பு இருந்தது, தூரத்தில் அவள் சிரிப்பும் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அப்படியே இருக்கான்," என்றாள்.

"காக்கா இருக்கு," என்றேன் நான்.

"இருக்கட்டுமே."

"பாதிப் பேச்சு தெளிவா விழல. ரெண்டு எடத்துல புனல்ல இடிச்சிருக்கான். இதப் போயி வச்சுக்கிட முடியுமா? சுத்தமா ஒரு பிரதி எடுத்துருவோம்."

"எனக்கு இதுவே போதும். தொடாதீய."

பிரயாணத்துக்குப் புளிச்சாதம் கட்ட வேண்டும் என்று அவள் அடுப்படிக்குப் போனாள். நான் கத்தியை நகர்த்தினேன். சாவி கொடுத்தேன். சர்ரென்று மெழுகு இழை இழையாக விழுந்தது. சத்தம் கேட்டு அவள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"சீவிட்டீயளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இரண்டாவது பிரதிக்கு வாசகம் நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினேன். "அன்பும் பட்சமும் மிகுந்த தமக்கையார் அவர்களுக்குத் தங்கள் சகோதரன் அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதக் கோருகிறேன்." தமக்கையார் அவர்கள் மூன்று முழ தூரத்தில் புளிச்சாதம் கிளறிக்கொண்டிருந்தார்கள். பையன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அத்தான், இது யாருக்கு மனு?"

"சிரிக்காம வாசிலே!"

சிரிப்பு வராதபடி அவன் தலையை நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பலமான எழுத்து வரும்போது தலையைப் புனலைவிட்டு இழுப்பேன்; மெல்லிய எழுத்து வரும்போது உள்ளே தள்ளுவேன். அப்படிச் செய்தால்தான் குரல் சமமாக விழும். இன்ஸ்பெக்டர்முன் நிற்கிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு பிழையில்லாமல் வாசித்து முடித்தான். காக்கை இல்லை, சிரிப்பு இல்லை. அடேயப்பா, என்ன சுத்தம்! பூரித்துப்போய் அவன் தலையை விட்டேன். அவன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "வாரேன்க்கா," என்றான். ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் விழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடைசி வரியில் மைத்துளி! மறுபடி சீவலாம் என்று கையைக் கொண்டுபோனால், என் மனைவி கத்தியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதத் தொட்டிய, நானும் அவங்கூடக் கப்பலேறிருவேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனில் அவனை ஏற்றிவிட்டு வந்ததும் உருளையைப் போடச் சொன்னாள். க்ஷேமம், நமஸ்காரம் எல்லாவற்றையும் கச்சேரி வாசலில் எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவள் மாதிரிப் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அந்த "வாரேன்க்கா" வந்ததும் அவள் முகம் மாறியது. நான் பிழை என்று நினைத்த இடம் மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் ஒரு தடவை கேட்டாள்.

பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, "வா" கொஞ்சம் மழுங்கியிருப்பதை நான் கண்டுபிடித்தேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தூக்கம் போயிற்று. தினம் என்பதை வாரம் ஆக்கினேன்; வாரத்தை மாதம் ஆக்கினேன். பிறகு அவன் நட்சத்திரம் வருகிற நாள் மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை என்றேன். அதற்கும் மனசு கேட்கவில்லை. உருளையைப் பஞ்சில் பொதிந்து, தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

"தேஞ்சிரும்," என்றேன் அவளிடம்.

"கேக்காம வச்சிருந்தா?"

"பத்திரமா இருக்கும்."

"யாருக்கு?"

இதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். எனக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

சார்வாள் இதைக் கேள்விப்பட்டு என்னைக் கிழித்துவிட்டார். "தேயட்டும்வே! செருப்பு தேயுதுன்னு அதத் தோளுல போட்டுக்கிட்டா நடக்கீரு? அந்தப் பிள்ள தம்பி கொரலக் கேக்கணும்னு கேக்கா. நீரு கஜானாவப் பூட்டுத மாதிரிப் பூட்டி வச்சிருக்கீரே!"

"நீங்க பிளேட்டுக்காரரு சார்வாள். உங்களுக்கு மெழுகப் பத்தி என்ன தெரியும்?"

"மெழுகப் பத்தித் தெரியாது. மனுசங்களப் பத்திக் கொஞ்சம் தெரியும்," என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர் திருச்செந்தூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போகையில், தம் கிராமபோனை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். அவள் அதை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டாள். ஆட்டுரல் ஒருபக்கம், பிளேட்டு ஒருபக்கம். மணல் கொப்பளிக்கிற அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் நான் ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் நேரத்தோடு திரும்பினால், மாவாட்டிக்கொண்டே பிளேட்டோடு சேர்ந்து அவள் பாடுகிறாள். என் யந்திரம் வந்து நாலு வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே போய்ச் சுருதி சேரவில்லை என்றேன். அவள் நிறுத்திவிட்டாள்.

தம்பி போன மூன்றாவது வருஷம் ஐப்பசியிலிருந்து அடைமழை. தாமிரபரணி கரையைத் தொட்டுக்கொண்டு போனது. வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்தது, உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டியது. அந்த மழையில் பினாங்குக் கடிதம் வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். முதலாளி தம் மகளையே அவனுக்குக் கொடுப்பதாக இருக்கிறார். தை மாதம் அங்கேயே கல்யாணம். கடையையும் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இனி ஊருக்கு எப்போது வரமுடியும் என்று சொல்வதற்கில்லை. அக்காள் வருத்தப்படக் கூடாது.

"நல்லது. நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெளியே வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"அவன் கூப்பிடுதது எப்படின்னே எனக்கு மறந்துபோச்சு," என்றாள். "நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வர மாட்டங்கு. அதத் திறங்க."

தேய்ந்துவிடும் என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. அலமாரியைத் திறந்து, டப்பாவின் துணியைக் கிழித்து மூடியை எடுத்தேன். ஈரவாடை அடித்தது. பஞ்சு நசநசவென்று இருந்தது. உருளையைச் சுற்றிலும், ஊறுகாயில் பூக்கிற மாதிரி, வெள்ளையாகப் பூசணம். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்திருக்கிறது. காற்றுப் போகாமல் அடைத்தது நான். வேட்டி நுனியால் பையத் துடைத்தேன். வெள்ளை போயிற்று. வெள்ளை இருந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது.

"போச்சு," என்றேன். "ஒண்ணும் மிஞ்சல. நாந்தான் கெடுத்தேன்."

"போடுங்க."

"போட்டா இரைச்சல்தான் வரும்."

"வரட்டும். போடுங்க."

போட்டேன். ஓலைக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இரைந்தது. அன்பும் பட்சமும் எங்கோ போய்விட்டன. க்ஷேமமும் நமஸ்காரமும் போய்விட்டன. நான் எழுதிய ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாய்ப் புனலுக்குள் தலையையே நுழைத்துவிட்டாள். ஊசி உருளையின் கடைசிக்கு வந்தபோது சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாரேன்க்கான்னான்!" என்றாள். முகமெல்லாம் ஈரம், அதோடு சிரிப்பு. "உங்களுக்குக் கேட்டுதா?"

எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுது," என்றேன். "நல்லாத் தெளிவாக் கேட்டுது."

"இன்னொருக்க போடுங்க."

சாவி கொடுத்தேன். மெழுகு மொழுமொழுவென்று ஆகும்வரை அன்று திரும்பத் திரும்பப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் எனக்கும் கேட்டது என்று சொன்னேன்.